கணினி ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு 'உம்ம்ம்', சுருதியோடு மோதுகிறது

குடந்தை வாணி எழுதியது:

வணக்கம். நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். காலையில் நேரில் வருகிறவர்கள், மாலையில் கணினி வழியாகப் படிக்கிறவர்கள் என்று இரண்டு வகுப்பு. சுருதிக்குக் கணினியில் ஒரு தம்புரா மென்பொருள் வைத்திருக்கிறேன், அதை 2.1 ஸ்பீக்கரில் (இரண்டு சின்னப் பெட்டி, அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய பெட்டி) ஓடவிட்டுத்தான் உட்காருவோம். ஸ்பீக்கர் வாங்கி ஆறு வருடம் ஆகிறது, இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

போன மாதம் மாடி அறையில் மழைத்தண்ணீர் இறங்கியதால் கணினி, மேசை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கீழே ஹாலுக்குக் கொண்டு வந்தோம். அன்றிலிருந்து ஸ்பீக்கரை ஆன் செய்ததுமே அடியில் ஒரு 'உம்ம்ம்' என்ற சத்தம், அணைக்கும்வரை நிற்பதே இல்லை. சினிமாப் பாட்டு சத்தமாக ஓடினால் தெரியாது. ஆனால் என் சுருதி 5 கட்டை. இந்தச் சத்தம் என் ஷட்ஜத்துக்கு, அதாவது 'ச'வுக்கு, ஒட்டினாற்போல, ஒரு இழை மேலே நிற்கிறது. வேறு எங்காவது நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தம்புராவில் மந்திர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி ச) விழும்போதெல்லாம் இரண்டும் உரசி அலை அலையாக அதிர்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை அந்தச் சத்தத்தோடு சேர்த்துக்கொண்டு கொஞ்சம் ஏறியே பாடுகிறாள், அவளைத் திருத்தித் திருத்தி எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணினியில் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருக்கிறது. புது 3.5 எம்எம் ஒயர் வாங்கிப் போட்டேன். டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். வேறு ஸ்விட்ச் பாக்ஸில் சொருகினேன். எதுவும் பலன் இல்லை. கடையில் கேட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கிய பிறகும் சத்தம் இருந்தால் என்ன செய்வது? ஸ்பீக்கரை மாற்றவா, கணினிக்குத் தனி சவுண்ட் கார்டு போடவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:

அம்மா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் திருச்சியில் ஆம்ப்ளிபயர் சர்வீஸ் செய்கிறேன், இந்த மாதிரி சத்தத்துக்காக என்னிடம் வருகிற ஸ்பீக்கர்களில் பாதியை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ஏனென்றால் கோளாறு அதற்குள் இருப்பதில்லை. முதலில் சத்தம் எங்கிருந்து உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் காதும் பத்து நிமிடமும் போதும், உங்களுக்கு என்னைவிட நல்ல காது இருக்கிறது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் சொருகியிருக்கும் ஆடியோ ஒயர்கள் அத்தனையையும் பிடுங்கிவிட்டு, கரண்ட் ஒயர் மட்டும் இருக்கும்படி ஆன் செய்யுங்கள். அப்போதும் உம்ம் என்றால், அதுவும் வால்யூம் குமிழை முழுக்கக் குறைத்த பிறகும் அதே அளவில் உம்ம் என்றால், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கரண்டைச் சீராக்கும் பெரிய பில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஆறு வருடம் ஆன செட்டில் அது நடக்கக்கூடியதுதான், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டுக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருப்பார்கள், பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்படியானால் பக்கத்துக் கடையில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றித் தருவார்கள், புது ஸ்பீக்கர் தேவையில்லை.

சத்தம் இல்லை என்றால், அடுத்து ஒரு போனைச் சார்ஜரில் போடாமல் பேட்டரியிலேயே வைத்து அதன் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுங்கள். பிறகு அந்த ஒயரையே கணினியில் சொருகுங்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரின் குமிழைத் திருகி, சத்தம் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. அந்த உம்ம் உங்கள் மந்திர ஷட்ஜத்தின் பக்கத்திலா, அதற்கும் கீழே அனுமந்திரத்திலா? அப்புறம், கணினியைத் தவிர அந்த ஸ்பீக்கரில் வேறு ஏதாவது சொருகியிருக்கிறீர்களா?

நெல்லைப் பையன் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது அக்கா. கணினி பிளக்கில் மேலே தடியாக இருக்கும் மூன்றாவது பின்னைக் கழற்றிவிட்டேன், சத்தம் உடனே நின்றுவிட்டது. ஐந்து பைசா செலவில்லை. ஒரு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

கம்பிவடம் எழுதியது:

தம்பி, தயவுசெய்து அந்தப் பின்னைத் திரும்பப் போடு. அக்கா, நீங்கள் இதைச் செய்யவே செய்யாதீர்கள். நான் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன், இதை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தடித்த பின் எர்த். கணினியின் பவர் சப்ளைக்குள் பேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) கேபினட்டுக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து கேபினட்டுக்கு இன்னொன்று, இரைச்சலை வடிகட்டுவதற்காக இருக்கும். எர்த் இருக்கும்வரை அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். பின்னைக் கழற்றினால் கேபினட் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்க ஆரம்பிக்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருக்கிறதே, அது இதுதான். இது கரண்ட் குறைவு, கூச்சத்தோடு போய்விடும். ஆனால் ஒருநாள் உள்ளே ஒரு ஒயரின் தோல் உரிந்து கேபினட்டில் பட்டால் முழு 230-உம் தகரத்தில் நிற்கும், பியூஸும் போகாது, வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. மெயினில் ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருந்தால் அது தட்டும், ஆனால் எப்போது தட்டும்? எர்த் இருந்தால் கசிவு வந்த கணமே தட்டும். எர்த் இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான், அவர்கள் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் தட்டும். அக்கா வீட்டில் தினமும் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பாடுகிறார்கள்.

அந்தத் தம்பிக்குச் சத்தம் நின்றது உண்மைதான், ஏன் நின்றது என்று திருச்சி அண்ணன் சொல்வார். ஆனால் அதே பலனை ஆபத்தில்லாத வழியில் பெற முடியும்.

எர்த்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் இன்னொன்று. பல வீடுகளில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே வந்திருக்காது, அல்லது குழியில் இருக்கும் பைப் துருப்பிடித்துப் போயிருக்கும். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழியாக இருந்தால் கோடையில் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் என்ன வோல்ட் காட்டுகிறதோ, பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதையே காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் இருந்தால் பரவாயில்லை, பத்து இருபது என்று காட்டினால் எங்கோ தப்பு இருக்கிறது.

நெல்லைப் பையன் எழுதியது:

அண்ணா, எனக்கு இவ்வளவு தெரியாது. கேபினட்டைத் தொட்டால் லேசாகக் கூசும், எல்லாக் கணினியும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இப்போதே கடைக்குப் போய் மூன்று பின் பிளக் வாங்கி மாட்டிவிட்டேன். சத்தம் திரும்ப வந்துவிட்டது, நானும் இந்த இழையில் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

குடந்தை வாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எர்த் பின்னை நான் தொடவில்லை, எலக்ட்ரீஷியனை நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். ஒயர்கள் எல்லாவற்றையும் பிடுங்கியபோது ஸ்பீக்கர் சுத்தமாக அடங்கிவிட்டது, காதை ஒட்டி வைத்தால் மட்டும் மெல்லிசாக 'ஸ்ஸ்' என்று கேட்டது. போனில் போட்டபோதும் சத்தமே இல்லை, தம்புரா அவ்வளவு தெளிவாக இருந்தது. அதே ஒயரைக் கணினியில் சொருகியதும் உம்ம் வந்துவிட்டது. குமிழைக் குறைத்தால் குறைகிறது, ஏற்றினால் ஏறுகிறது. சத்தம் முக்கியமாக அனுமந்திரத்தில்தான், பெரிய பெட்டியில் கை வைத்தால் அதிர்வே தெரிகிறது, அதற்கு மேல் ஸ்தாயியிலும் மெலிதாக இருக்கிறது. ஆக, கணினிதான் காரணம் என்று ஆகிவிட்டது இல்லையா? சவுண்ட் கார்டு வாங்கிவிடலாமா?

வேறு என்ன சொருகியிருக்கிறது என்று கேட்டீர்கள். மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஹாலுக்கு வந்ததுதான் வந்தது, டிவிச் செய்தி நன்றாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரின் இரண்டாவது இன்புட்டில் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸிலிருந்து சிவப்பு வெள்ளை ஒயரைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது, வகுப்பு நேரத்தில் டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டையும் சுவரிலேயே அணைத்துவிடுவேன், அப்போதும் உம்ம் இருக்கிறது. ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்தபோது அதையும் பிடுங்கித்தான் பார்த்தேன், பிறகு திரும்பச் சொருகிவிட்டேன்.

ஈயப்பற்று எழுதியது:

அம்மா, அந்தச் சிவப்பு வெள்ளை ஒயர்தான் விஷயம். சவுண்ட் கார்டு வாங்க வேண்டாம். கணினியும் நன்றாக இருக்கிறது, செட்டாப் பாக்ஸும் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது, மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல்.

டெல்டாவில் இருக்கிறீர்கள், இப்படிச் சொன்னால் புரியும். இரண்டு குளம் இருக்கிறது, இரண்டின் நீர்மட்டமும் ஒன்றாக இல்லை. தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும். உங்கள் கணினியின் கேபினட் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தில் நிற்கிறது. கேபிள்காரரின் தடித்த ஒயர் இருக்கிறதே, அதன் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னல் தெருவில் கம்பம் கம்பமாகப் போய் எங்கோ அவர்களுடைய ஆம்ப்ளிபயர் பெட்டியில் சேருகிறது. அந்த இடத்து மட்டமும் உங்கள் வீட்டு எர்த் மட்டமும் சரியாக ஒன்றாக இருக்காது, ஒரு வோல்ட்டோ சில வோல்ட்டோ வித்தியாசம் இருக்கும், அதுவும் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 தடவை, துடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கணினியையும் செட்டாப் பாக்ஸையும் ஒரே ஸ்பீக்கரில் சொருகியதும் வாய்க்கால் திறந்துவிட்டது. தெருக் கேபிளின் பின்னல், செட்டாப் பாக்ஸ், சிவப்பு வெள்ளை ஒயரின் வெளிப்பின்னல், ஸ்பீக்கர், 3.5 எம்எம் ஒயரின் வெளிப்பின்னல், கணினி, வீட்டு எர்த் என்று ஒரு பெரிய வளையம். எங்கள் தொழிலில் இதை எர்த் லூப், கிரவுண்ட் லூப் என்று சொல்வோம்.

வளையத்தில் ஓடுகிற கரண்ட் ரொம்பச் சின்னது. 3.5 எம்எம் ஒயரின் பின்னலுக்குக் கால் ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 மில்லி ஆம்பியர் ஓடினால் இரண்டரை மில்லி வோல்ட் அங்கே விழும். ஆனால் அந்தப் பின்னல்தான் உங்கள் ஆடியோவுக்கும் திரும்பு பாதை, அதனால் ஸ்பீக்கர் அந்த இரண்டரை மில்லி வோல்ட்டையும் பாட்டு என்றே நினைத்துப் பெருக்குகிறது. கணினியில் வால்யூமைக் குறைத்தாலும் சத்தம் குறையாததற்கும், ஸ்பீக்கர் குமிழைத் திருகினால் குறைவதற்கும் காரணம் இதுதான். சத்தம் கணினிக்குப் பிறகு, குமிழுக்கு முன்னால் நுழைகிறது. போனில் சத்தம் இல்லாததும் இதனால்தான், பேட்டரியில் இருக்கும் போனுக்கு எர்த்தே கிடையாது, வாய்க்காலுக்கு மறுகரை இல்லை.

டிவியைச் சுவரில் அணைத்தாலும் சத்தம் இருக்கிறது என்றீர்கள், நிறைய பேர் ஏமாறுகிற இடம் அதுதான். ஸ்விட்ச் துண்டிப்பது பேஸை மட்டும், பின்னலை அல்ல. செட்டாப் பாக்ஸ் செத்துக் கிடந்தாலும் அதன் தகரம் வழியாக வளையம் அப்படியே இருக்கும்.

நெல்லைத் தம்பிக்கும் இதே மாதிரி ஒரு வளையம்தான், அவர் எர்த்தை வெட்டி வளையத்தை உடைத்தார். உடைத்தது சரி, உடைத்த இடம்தான் தப்பு. உடைக்க வேண்டியது ஆடியோ ஒயரில்.

உங்கள் சுருதிக்கு வருவோம். 5 கட்டை ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், அதன் மந்திரம் 98, அனுமந்திரம் 49. கரண்ட் 50. நீங்கள் ஒரு இழை மேலே என்று சொன்னது துல்லியம் அம்மா, கணக்கில் அது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சத்தத்தில் 50-ஓடு 100-உம் சேர்ந்து வரும், 98-உம் 100-உம் உரசினால் நொடிக்கு இரண்டு அலை. எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தை ஏறிப் பாடுவதில் அவள் தவறு ஒன்றும் இல்லை, அவள் காது நன்றாக வேலை செய்கிறது.

இப்போது உறுதி செய்துகொள்ள வேண்டும். கணினி ஒயர் சொருகியபடியே இருக்கட்டும், சிவப்பு வெள்ளை ஒயரை மட்டும் ஸ்பீக்கர் பக்கம் பிடுங்குங்கள். உம்ம் நிற்க வேண்டும். திரும்பச் சொருகிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றி, மறுபடி ஸ்பீக்கரையும் கணினியையும் ஆன் செய்யுங்கள். அப்போதும் நிற்க வேண்டும். கழற்றும்போது இன்னொரு கையால் கணினியையோ வேறு தகரத்தையோ பிடித்துக்கொள்ளாதீர்கள், தெருக் கேபிளில் சில சமயம் கரண்ட் கசிந்து வரும். கை கூசினால் அதை விட்டுவிட்டு கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

கோவை ஹாஸ்டல் எழுதியது:

அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு உம்ம் இல்லை, 'கீஈஈ' என்று மெல்லிய சத்தம். மவுஸை நகர்த்தினால், பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் மாறுகிறது. லேப்டாப், அதில் யுஎஸ்பியில் கரண்ட் எடுக்கும் சின்ன ஸ்பீக்கர் ஜோடி, ஆடியோவுக்கு 3.5 எம்எம் ஒயர். எர்த் லூப் என்றால் இதற்கு எர்த்தே இல்லையே?

ஈயப்பற்று எழுதியது:

தம்பி, எர்த் இல்லாமலும் வளையம் வரும். உன் ஸ்பீக்கருக்கு யுஎஸ்பி ஒயரில் ஒரு கிரவுண்ட் (கரண்ட் திரும்பும் கம்பி) போகிறது, 3.5 எம்எம் ஒயரில் இன்னொரு கிரவுண்ட் போகிறது, இரண்டும் ஒரே லேப்டாப்பில் போய்ச் சேருகின்றன. யுஎஸ்பி கிரவுண்டில் பிராசசர், திரை, மவுஸ் எல்லாம் இழுக்கிற கரண்டின் அதிர்வு இருக்கும், அதில் ஒரு பங்கு ஆடியோ ஒயரின் பின்னல் வழியாக வந்துவிடுகிறது. நீ ஸ்க்ரோல் செய்யும்போது கேட்பது உன் கணினி வேலை செய்கிற சத்தம்.

சோதனை சுலபம். ஸ்பீக்கரின் யுஎஸ்பியை லேப்டாப்பிலிருந்து பிடுங்கி ஒரு பவர் பேங்கில் சொருகு. சத்தம் நின்றால் அவ்வளவுதான், இனிமேல் போன் சார்ஜரில் சொருகிப் பயன்படுத்து, ஆனால் ரொம்ப மலிவான சார்ஜர் அதுவே தனியாக ஒரு இரைச்சல் கொடுக்கும். பவர் பேங்கிலும் சத்தம் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார். அதற்கும் முன்னால், காதை லேப்டாப்பிலேயே வைத்துக் கேள். சில சமயம் 'கீ' சத்தம் ஸ்பீக்கரில் வருவதே இல்லை, லேப்டாப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (coil) அதிர்கிற சத்தம். அது விளையாட்டு விளையாடும்போது கூடும், பிரேம் ரேட்டைக் கட்டுப்படுத்தினால் குறையும், ஒயர் மாற்றிப் பலன் இல்லை.

டெஸ்க்டாப்பில் இதே கீச்சு வந்தால் பெரும்பாலும் கேபினட்டின் முன்பக்கத் துளையில் சொருகியிருப்பார்கள். அந்தத் துளைக்கான ஒயர் மதர்போர்டுக்கு மேலேயே ஊர்ந்து போகும், வழியில் இருக்கும் எல்லாச் சத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் பச்சைத் துளையில் சொருகினாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

கம்பிவடம் எழுதியது:

ஒயரிங் பக்கத்திலிருந்து நான் பார்த்ததையும் சொல்கிறேன், இழையைப் படிக்கிறவர்களுக்கு உதவும். உம்ம் என்று இல்லாமல் 'ஜ்ஜ்ஜ்' என்று கூராக வருகிறதா, அது எப்போது வருகிறது என்று நேரத்தைக் கவனியுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அதன் அலை வளைவாக இல்லாமல் படிக்கட்டு மாதிரி இருப்பதால் ஸ்பீக்கர், மின்விசிறி எல்லாமே முனகும், சைன் வேவ் வாங்கினால்தான் தீரும். மின்விசிறியை மெதுவாக வைக்கும்போது மட்டும் வந்தால் ரெகுலேட்டரைப் பாருங்கள். டிம்மர் மாதிரி நைசாகத் திரும்புகிற பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டி வெட்டி விடுகிறது, அந்த வெட்டுத்தான் ஜ்ஜ் என்று கேட்கிறது. டக் டக் என்று படியாகத் திரும்புகிற கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றினால் நின்றுவிடும். ஒரு வீட்டில் இதற்காக மூன்று ஸ்பீக்கர் மாற்றியிருந்தார்கள், கடைசியில் தீர்வு மின்விசிறியின் சுவர்ப்பெட்டியில் இருந்தது, எனக்கே அன்று மனது கஷ்டமாகிவிட்டது.

போன் வருவதற்கு முன்னால் 'டிட் டிட்டிட் டிட் டிட்டிட்' என்று வந்தால் அது போனேதான். 2ஜியில் போன் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலை அனுப்பும், ஸ்பீக்கர் ஒயர் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டடி தள்ளி வைத்தால் போதும். பாட்டு ஓடும்போது மட்டும் பட் பட் என்று வெடித்தால் அது என் வேலையும் இல்லை, பெரும்பாலும் மென்பொருள், வைஃபை டிரைவரையும் ஆடியோ டிரைவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குடந்தை வாணி எழுதியது:

அண்ணா, நின்றுவிட்டது!

சிவப்பு வெள்ளை ஒயரைப் பிடுங்கிய அடுத்த நொடி ஹால் அப்படியே அமைதியானது. திரும்பச் சொருகினேன், வந்தது. எல்லாவற்றையும் அணைத்து, ஒற்றைக் கையால் கேபிள் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன், சத்தம் இல்லை. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது, போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கே கேட்டிருக்கிறது. நொடிக்கு இரண்டு அலை என்றீர்களே, அதையும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

எலக்ட்ரீஷியனும் வந்து போனார். ஹால் பிளக்கில் எர்த் இருக்கிறது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட் காட்டியது. குழியில் தண்ணீர் விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று நான்கு குடம் ஊற்றச் சொன்னார்.

மாமனாருக்கு டிவிச் சத்தமும் வேண்டும், எனக்குச் சுருதியும் வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருக்க முடியாது. இனி என்ன செய்வது?

ஈயப்பற்று எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அம்மா. கார் ஸ்டீரியோ மாட்டுகிற கடையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேளுங்கள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளை முனைகள் தொங்கும். நான் கடைசியாக 250 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், இடது வலது பக்கத்துக்கு ஒவ்வொன்று. ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்குப் பாட்டு காந்தமாகத் தாண்டும், கம்பித் தொடர்பு கிடையாது, அதனால் வளையம் அங்கே அறுந்துவிடும். எர்த்தைத் தொடவே வேண்டாம்.

அதை எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். கணினி ஒயரில் மாட்டாதீர்கள், செட்டாப் பாக்ஸ் ஒயரில் மாட்டுங்கள். வளையத்தை எந்தப் பக்கம் அறுத்தாலும் சத்தம் நிற்கும், ஆனால் மலிவான டிரான்ஸ்பார்மர் அடிச்சுரங்களைக் கொஞ்சம் விழுங்கும். செய்தி வாசிப்பவர் குரலுக்கு அது ஒரு பொருட்டில்லை. தம்புராவின் மந்திரத்தை அதற்குக் கொடுக்க வேண்டாம். செட்டாப் பாக்ஸிலோ டிவியிலோ ஆப்டிகல் துளை இருந்து, ஸ்பீக்கரிலும் இருந்தால் அதுவே சிறந்தது, கண்ணாடி இழை மாதிரியான ஒயரில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. ஆனால் ஆறு வருடத்துக்கு முந்தைய 2.1 செட்டில் அது இருக்க வாய்ப்பு குறைவு.

நெல்லைத் தம்பி, உன் ஸ்பீக்கரில் இன்னொரு முனையில் என்ன சொருகியிருக்கிறது என்று எழுது. டிவியா, ஹோம் தியேட்டரா?

நெல்லைப் பையன் எழுதியது:

பழைய ஆம்ப்ளிபயர் அண்ணா, அதற்கும் மூன்று பின் பிளக். அது படுக்கையறைச் சுவரில், கணினி இந்தப் பக்கச் சுவரில்.

ஈயப்பற்று எழுதியது:

அப்படியானால் முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பார், எர்த் பின்னோடு. இரண்டும் ஒரே இடத்து எர்த்தில் நின்றால் மட்ட வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும், பல சமயம் அதுவே போதும். போதவில்லை என்றால் உனக்கும் ஐசொலேட்டர்தான். ஆம்ப்ளிபயர் நிறைய கரண்ட் இழுக்கும் என்றால் பாக்ஸின் அளவு பார்த்து வாங்கு.

கோவை ஹாஸ்டல் எழுதியது:

பவர் பேங்கில் சொருகினேன், கீச்சு போய்விட்டது. போன் சார்ஜரிலும் இல்லை. நன்றி அண்ணா.

குடந்தை வாணி எழுதியது:

ஐசொலேட்டர் இங்கே பெரிய கடைத்தெருவிலேயே கிடைத்தது, 280 ரூபாய். டிவி பக்கம் மாட்டியாயிற்று. மாமனார் செய்தி கேட்டுவிட்டு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார். இன்று காலை அந்தக் குழந்தை வந்தாள், தம்புராவை ஓடவிட்டு அரை நிமிடம் சும்மா உட்காரச் சொன்னேன், பிறகு ஷட்ஜம் பிடிக்கச் சொன்னேன். சரியாக அதில் நின்றாள்.